கல்லுக்கு ஷிப்ட் வைத்தவன்

நான் கட்டியதை எல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். இவருக்கு என்ன தெரியும் என்று பிறகு யாரும் கேட்கக் கூடாது.

புதுச்சேரி சாரத்தில் நான் குடியிருக்கும் வீடு நான் கட்டியது. மனை வாங்கியபோது அங்கே முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. இதில் கடைக்கால் போட்டால் வீடு படகு மாதிரி மிதக்கும் என்று மேஸ்திரியே சிரித்தார். நான் வேலை பார்த்த மில்லின் பாய்லர் சாம்பலை வண்டி வண்டியாக அடித்துக் கொட்டி மேடாக்கினேன். இன்றுவரை ஒரு விரிசல் கிடையாது. தட்டாஞ்சாவடியில் ஓடும் லேத் பட்டறை நான் போட்டது. மில்லை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது மற்றவர்கள் கேட் வாசலில் உட்கார்ந்து கோஷம் போட்டார்கள். நான் பழைய இரும்புக் குவியலில் கிடந்த லேத்தை எடுத்துவந்து, பல் போன சக்கரத்துக்குப் பல் வைத்து ஓடவிட்டேன். செத்த மெஷின் என்றார்கள். அந்தச் செத்த மெஷினில் கடைந்த ஷாஃப்டும் புஷ்ஷும் மேட்டுப்பாளையத்துக் கம்பெனிகளில் எத்தனையோ மெஷினுக்குள் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் பார்க்காதவன் நான். டிராயிங் படிக்கவும் மைக்ரோமீட்டர் பிடிக்கவும் அடுத்தவன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத்தான் கற்றேன். மகளைக் காலேஜுக்கு அனுப்பினேன். வீட்டுக் கேட், மாடிப்படிக் கைப்பிடி, சாமி அலமாரி எல்லாம் என் கை வெல்டிங்.

இவ்வளவையும் ஊர் ஒப்புக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாத ஒன்று இருக்கிறது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு மீனை, இந்த ஊர் வெயிலில், இரண்டு கோடை தாண்டி உயிரோடு வைத்திருக்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். லேத்தை ஓடவைத்ததைவிட இது கஷ்டம். லேத்துக்குக் கோளாறு வந்தால் சத்தம் போடும். இந்த மீன் சாகும்போதுகூடச் சத்தம் போடாது. அந்த வேலைக்குத்தான் வேறொருவர் மேடையேறிக் கைதட்டல் வாங்கினார். அவர் என் மாப்பிள்ளை. என் மகளின் புருஷன் என்பதால் மரியாதையோடு அவர், இவர் என்று எழுதுகிறேன். கோபம் குறைந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம்.

மாப்பிள்ளை பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பம். அவருடைய அப்பா சொல்தா. பிரான்ஸ் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர். மாப்பிள்ளைக்கு அங்கேயே வேலை, என் மகளும் அங்கேதான். லீவுக்கு வந்தால் எங்கள் வீட்டில் தங்குவார்கள். அப்படி ஒரு ஆடி மாதத்தில் வந்தபோது, ஆள் படுத்துக்கொள்ளலாம் போல நீளமான கண்ணாடித் தொட்டி ஒன்றை நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து என் கூடத்தில் இறக்கினார்கள். நான் உட்கார்ந்து டிவி பார்க்கும் நாற்காலி வாசலுக்குப் போயிற்று.

"இது இன்னா மாப்ள?"

"மீன் தொட்டி மாமா. உங்களுக்கு டைம்பாஸ்."

"பட்டற வேலைக்கே டைம் பத்தல எனக்கு."

"நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம். இதுல உடறது பாசி தின்ற மீனு. கண்ணாடில புடிக்கிற பாசிய அதுவே தின்னு அதுவே தொடச்சிடும். வாலா!"

வாலா என்றால் முடிந்தது, அவ்வளவுதான் என்று அர்த்தம். அவர்கள் வீட்டில் குழம்பு இறக்கினால்கூட வாலா சொல்வார்கள். தொட்டிக்கு ஸ்டாண்டு வேண்டும் என்றார். பட்டறையில் ஆங்கிள் இரும்பில் அடித்துக் கொடுத்தேன். முதல் நாளிலிருந்தே அதில் என் கை இருக்கிறது.

மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடைக்காரர்கள் ஓட்டோ என்கிறார்கள். பழுப்பு உடம்பு, மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு, வெள்ளை வயிறு. வாய் கீழ்ப்பக்கம் இருக்கும். அதை வைத்துக் கண்ணாடியிலும் இலையிலும் ஒட்டிக்கொண்டு மெல்லிய பாசியை மேயும். தனியாக இருக்காது, கூட்டமாக இருந்தால்தான் தைரியம். பெரும்பாலும் பண்ணையில் பிறக்கிற மீன் இல்லை. கடல் தாண்டி எங்கேயோ ஆற்றில் வலை போட்டுப் பிடித்து, வழியெல்லாம் பட்டினி போட்டு அனுப்புகிறார்கள். விமானத்தில் சென்னை, சென்னையிலிருந்து பாலிதீன் பையில் பஸ் ஏறி நம் ஊர். வந்து சேரும்போதே அதற்குப் பாதி உயிர்தான்.

மாப்பிள்ளை தொட்டிக்குப் புதுத் தண்ணீர் பிடித்தார். புது மணல், புதுக் கல், பளிங்கு மாதிரிக் கண்ணாடி. பையைப் பிரித்து மீனை அப்படியே உள்ளே கொட்டினார். போட்டோ எடுத்தார். இரண்டு நாளில் விமானம் ஏறினார்.

அவர் இறங்கி வீடு போய்ச் சேருவதற்குள் சாவு ஆரம்பித்துவிட்டது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்ப்பேன். மணலில் ஒன்று வெள்ளை வயிறு தெரியக் கிடக்கும். மறுநாள் இன்னொன்று. அந்த வாரம் முடிவதற்குள் ஒன்று மிச்சமில்லை. போனில் சொன்னேன்.

"மாமா, நீங்க எதுனா கை வச்சீங்களா?"

"தொட்டியில கை வக்கல. அன்னாடம் பொணத்த எடுக்கத்தான் வச்சேன்."

"மீனுக்கு எதுனா சாப்பாடு போட்டீங்களா? சோறு, பொரி, எதுனா?"

"நீங்கதான ஒண்ணும் பண்ண வேணாம்னீங்க?"

அவர் போனை மகளிடம் கொடுத்தார். கொடுக்கும்போது சொன்னது எனக்குக் கேட்டது. "உங்கப்பா கொன்னுட்டாரு." மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். லேத்தில் கட்டிங் டூல் மழுங்கினால் வாசலில் இருந்தே சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். இது கேட்காதா?

உங்கப்பா கொன்னுட்டாரு. இந்த வார்த்தையை வாசிக்கிறவர்கள் மறக்க வேண்டாம். கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

தொட்டியைத் தூக்கித் தெருவில் போடத்தான் நினைத்தேன். என் மனைவியும் அதையே சொன்னாள். ஆனால் செய்யாத கொலைக்குப் பேர் வாங்கிக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் நான் இல்லை. மாப்பிள்ளை மீன் வாங்கிய பஜார் கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர், சிரித்தார்.

"பெரியவரே, தொட்டி புதுசா?"

"நேத்துப் பொறந்த கொழந்த மாதிரி இருக்குது."

"அப்ப பட்டினில செத்துருக்கும். பாசி தின்ற மீன பாசியே இல்லாத தொட்டியில உட்டா வேற இன்னாத்த தின்னும், கண்ணாடியையா?"

இதைச் சொன்னது கடைக்காரர். நான் கண்டுபிடித்ததாகச் சொல்லமாட்டேன். பையிலிருந்து மீனை நேராகக் கொட்டக் கூடாது, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற டியூபை வாங்கி, தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக வாளியில் விட்டு மீனைப் பழக்க வேண்டும் என்று சொன்னதும் அவர்தான். எது யார் சொன்னதோ அது அவர் கணக்கு. நான் அப்படித்தான் வளர்ந்தேன்.

அதன் பிறகு மாதக்கணக்கில் மீன் இல்லாத தொட்டியை விளக்குப் போட்டு வளர்த்தேன். போர் தண்ணீர் உப்பு, ஆகாது. குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் வாடை. குடங்களில் பிடித்துத் திறந்துவைத்து, வாடை போன பிறகு ஊற்றுவேன். கண்ணாடியில் முதலில் தூசு மாதிரி ஒன்று படிந்தது. பிறகு அது டீத்தண்ணீர் நிறத்துக்கு வந்தது. யாரையும் துடைக்க விடவில்லை.

"இந்தாய்யா, வூட்டுக்கு நாலு பேரு வராங்க. கூடத்துல சாக்கடைய வச்சிக்கினு உக்காந்துருக்க."

"சாக்கட இல்ல அது, சாப்பாடு."

"அப்ப நீயே தின்னு."

என் மனைவி சாதாரணமாகப் பேசுவதே இப்படித்தான். மார்கழிக் குளிரில் இரண்டாம் முறை மீன் வாங்கினேன். நானே கடைக்குப் போய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். வயிறு ஒட்டியதை எடுக்கவில்லை. தரையில் சும்மா கிடந்ததை எடுக்கவில்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வாயை அசைக்கிறதாகப் பார்த்து எடுத்தேன். பட்டறைக்கு வரும் இரும்புத் தண்டைக் கையில் உருட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். மீனை மட்டும் கண்ணை மூடிக்கொண்டா வாங்குவேன்? குளுக்கோஸ் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டிச் சொட்டவிட்டு, அன்று பட்டறைக்கே போகாமல் வாளி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றிரண்டு போயிற்று. மற்றது எல்லாம் பிழைத்து நின்றது. சில வாரத்தில் வயிறு மொச்சைக்கொட்டை மாதிரி உருண்டது.

வெள்ளரிக்காயை வெந்நீரில் போட்டெடுத்து, ஸ்பூனில் குத்தித் தொட்டிக்குள் இறக்கினால் தின்னும் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். அது சரியாகத்தான் இருந்தது. அதையும் இங்கே எழுதிவைக்கிறேன், வெள்ளரிக்காய் அவர் சொன்னது. வெள்ளரி கிடைக்காத நாளில் பீர்க்கங்காயைத் தோல் சீவிப் போட்டேன்.

"கட்டிக்கினு வந்த நாள்லேந்து எனக்கு ஒரு காய் நறுக்கிக் குடுத்துருப்பியா நீ?" என்றாள் மனைவி.

"உனக்கு வாய் மேல இருக்குது, கேட்டு வாங்கிக்குவ. அதுக்கு வாய் கீழ இருக்குது."

கத்திரி வெயில் வந்தது. தண்ணீர் சூடானால் அதில் மூச்சுக்காற்று குறையும். மீன் மேலே வந்து வாய் பிளக்கும். தொட்டி மூடியைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணீர் மேல் திருப்பினேன். பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து மிதக்கவிட்டேன். கரண்ட் போகிற ஊர் இது; இன்வெர்ட்டரில் எங்கள் ரூம் ஃபேனைக் கழற்றிவிட்டு மீன் தொட்டியின் காற்று மோட்டாரை மாட்டினேன்.

"மீனுக்கு இன்வெட்டரு, எனக்கு விசிறி மட்டையா?" என்று அவள் தங்கை வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து, "எத்தினி இருக்குது?" என்று மீனை எண்ணினாள். எல்லாம் இருந்தது.

முதல் கோடை தாண்டியது. அந்த வருடம் ஆயுத பூஜைக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள்.

ஆயுத பூஜை எங்களுக்குச் சின்ன விஷயமில்லை. பட்டறையில் லேத்தை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, வேஸ்ட் துணியால் ஒற்றி, சந்தனம் குங்குமம் வைத்துப் படைத்தால், அன்று முழுக்க அதைத் தொடமாட்டோம். வீட்டிலும் அப்படித்தான். மிக்சி, கிரைண்டர், தையல் மெஷின், ஸ்கூட்டர், தண்ணீர் மோட்டார் எதுவும் துடைக்காமல் இருக்கக் கூடாது. மோட்டார் சுற்றுகிற எதுவும் எங்கள் வீட்டில் அன்று சாமிதான். நான் பட்டறையில் பூஜை முடித்து, பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகள் சிரித்தாள்.

தொட்டி கண்ணாடிக் கடை ஷோகேஸ் மாதிரி மின்னியது. நாலு பக்கமும் தேய்த்திருந்தார்கள். கற்களை எல்லாம் வெளியே எடுத்து பிரஷ் போட்டுக் கழுவி அடுக்கியிருந்தார்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து வெள்ளையாக்கி வைத்திருந்தார்கள். கண்ணாடி நடுவில் மூன்று விரல் பட்டை சந்தனம், குங்குமப் பொட்டு.

"சர்ப்ரைஸ் மாமா! எல்லா மிஷினுக்கும் பண்றோம்ல? இதுலயும் மோட்டார் இருக்குதேன்னு நான்தான் தொடச்சேன்."

"யாரக் கேட்டுத் தொடச்சீங்க?"

"கேக்கறதுக்கு இன்னா மாமா, அவ்ளோ அழுக்கா இருந்துச்சு. நாளைக்கு ஃபிரெண்ட்ஸ்லாம் வராங்க, போட்டோ எடுக்கணும்."

கையில் இருந்த பொரிப் பொட்டலம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியாது. கூடமெல்லாம் பொரி என்று பிறகு மனைவி சொன்னாள்.

"அழுக்கில்லய்யா அது, ஒரு வருஷத்துச் சோறு! லேத்தத் தொடச்சா மறுநாளு எண்ண போட்டுத்தான் ஓட்டுவேன். எண்ண இல்லாம ஓட்டுனா ஒரு மணி நேரத்துல இறுகிக்கினு நின்னுடும். நீங்க தொடச்சீங்களே, இதுக்கு எண்ண எங்கேந்து ஊத்தப் போறீங்க?"

"சே பா பொசிபிள்!" என்று மாப்பிள்ளை மகளைப் பார்த்தார். இதெல்லாம் நடக்கிற காரியமா என்று அர்த்தமாம். "ஒரு தொட்டியத் தொடச்சதுக்கு நல்ல நாளும் அதுவுமா இப்பிடிக் கத்தறாரு உங்கப்பா."

மகள் அழுதாள். மறுநாள் நண்பர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அந்த வாரமே இரண்டு பேரும் ஊருக்குக் கிளம்பினார்கள். மீனுக்கு வயிறு இறங்க ஆரம்பித்தது. மொச்சைக்கொட்டையாக இருந்த வயிறு தட்டையாகி, பிறகு பள்ளம் விழுந்தது. காய் போட்டால் இரண்டு மூன்றுதான் வந்தது. மற்றது சுத்தமான கண்ணாடியைத் தடவித் தடவிப் பார்த்தது. எப்போதும் இருந்த இடத்தில் சாப்பாடு இல்லையே என்று அதற்கு எப்படித் தெரியும்? தொட்டியில் மறுபடியும் பாசி வர மாதங்கள் ஆகும். மீனுக்கு அத்தனை நாள் இல்லை. கண்ணெதிரே வேலையில்லாமல் நிற்கிற கூட்டத்தை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன், மில் வாசலில். அந்தக் கோபம் எனக்குத் திரும்பி வந்தது.

மாடியில் தண்ணீர் டாங்க் நிரம்பி வழிகிற பைப் அடியில் சில கூழாங்கற்கள் கிடக்கும். அதில் வழுக்கி விழப் பார்த்து, சுரண்டிப் போடு என்று மனைவி என்னைத் திட்டிக்கொண்டே இருந்தாள். சோம்பலில் விட்டுவைத்திருந்தேன். அன்று காலையில் மேலே போனபோது அந்தக் கல் கண்ணில் பட்டது. மேலெல்லாம் பழுப்பும் பச்சையுமாக மெல்லிய வழவழப்பு. நான்கு கல்லை எடுத்து, நல்ல தண்ணீரில் லேசாக அலசித் தொட்டியில் இறக்கினேன்.

கல்யாண வீட்டில் முதல் பந்திக்குக் கதவு திறந்ததும் ஓடுவார்களே, அப்படி மீன் ஓடிவந்தது. ஒரு கல்லில் ஐந்தாறு ஒட்டிக்கொண்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "வழுக்கி உழுந்து நான் காலொடிச்சிக்கிட்டிருந்தாலும் பரவால்ல போலருக்கு உனக்கு" என்றாள். ஆனால் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு நாளில் அந்தக் கல் வெறும் கல்லாகிவிட்டது. அடுத்தது எங்கே? இங்கேதான் என் வேலை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மில்லில் மூன்று ஷிப்ட் இருக்கும். சங்கு ஊதினால் உள்ளே இருப்பவன் வெளியே, வெளியே இருப்பவன் உள்ளே. ஆள் மாறுவான், மெஷின் நிற்காது. மீன் வாய்தான் நிற்காத மெஷின். ஆள் மாறவேண்டியது கல். ஒரே அளவுள்ள கூழாங்கற்களைப் பொறுக்கி மூன்று கூட்டமாகப் பிரித்தேன். பெயிண்ட் அடித்தால் விஷம் என்பதால் உளியால் கொத்தினேன். முதல் ஷிப்ட் கல்லுக்கு ஒரு கோடு, இரண்டாவதுக்கு இரண்டு, மூன்றாவதுக்கு மூன்று. ஒரு ஷிப்ட் தொட்டிக்குள் வேலை பார்க்கும். மற்ற இரண்டும் மாடியில் வாய் அகன்ற தொட்டிகளில் கிடந்து பாசி பிடிக்கும். மீன் தொட்டியிலிருந்து எடுக்கிற பழைய தண்ணீரையே அந்தக் கல்லுக்கு ஊற்றினேன். அதில்தான் பாசிக்குச் சத்து. நேர் வெயில் பட்டால் முடி மாதிரி முரட்டுப் பாசி வளர்ந்தது, அதை மீன் தொடவில்லை. கீற்று போட்டு அரை நிழலாக்கினேன், மெல்லிய பாசி வந்தது. கொசுப்புழு இருக்கிறதா என்று சுகாதாரத்துறைப் பெண் ஒருத்தி வீடு வீடாக வருவாள். அவளுக்குப் பதில் சொல்லப் பழைய கொசுவலையை மேலே கட்டினேன். அடைமழைக் காலத்தில் வெயிலே இல்லை. மாடிப்படிக்குக் கீழே டியூப் லைட் மாட்டிக் கல்லை அங்கே இறக்கினேன். ஆறு முறை தப்பாகச் செய்திருப்பேன், ஏழாவது முறை சரியாகச் செய்தேன். யாரும் சொல்லித்தரவில்லை, யார் தோளுக்கு மேலும் எட்டிப் பார்க்கவில்லை. இது முழுக்க முழுக்க என் தலையிலிருந்து வந்தது.

அந்தப் பட்டினியில் சில மீன் போயிற்று. மிச்சம் பிழைத்தது. பொங்கலுக்குள் வயிறு பழையபடி உருண்டது. இரண்டாவது கோடையும் தாண்டியது. கடைக்காரரே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, "பெரியவரே, என் கடையில நின்னதவிட உங்க வூட்ல நல்லா நிக்குது" என்றார்.

மாப்பிள்ளை வீடியோ காலில் கூப்பிட்டார். கோபத்தை மறந்து, சந்தோஷத்தில், போனை மாடிக்கே தூக்கிக்கொண்டு போய் எல்லாம் காட்டினேன். "சூப்பர் மாமா. அந்தக் கல்ல கொஞ்சம் கிட்ட காட்டுங்க. அந்தக் கோடு இன்னாத்துக்கு? எத்தினி நாளைக்கு ஒருவாட்டி மாத்தறீங்க?" கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். மருமகன் கேட்கிறார், மறைப்பதற்கு என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஆடியில் வந்தார்கள். ஊரில் மீன் வளர்க்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு ஹாலில் கூடினார்கள். மாப்பிள்ளை பேசுகிறார், வாருங்கள் என்று மகள் கூப்பிட்டாள். வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு நானும் மனைவியும் போனோம். பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி.

திரையில் என் தொட்டி. கைதட்டினார்கள். பிறகு என் மாடி. பிறகு என் கல், கோடு தெரியக் கிட்டத்தில் எடுத்த படம்.

"ஓட்டோ ஏன் சாவுது? பட்டினி. அதுக்கு நான் ஒரு ரொட்டேஷன் சிஸ்டம் டெவலப் பண்ணேன்" என்றார் மாப்பிள்ளை. "மூணு செட் கல். ஒண்ணு உள்ள, ரெண்டு வெளிய."

யாரோ கேட்டார்கள், நீங்கள்தான் வெளிநாட்டில் இருக்கிறீர்களே, இங்கே யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று.

"வீட்ல பெரியவர் ஒருத்தர் இருக்காரு. சொன்னத அப்படியே செஞ்சுடுவாரு."

கழற்றிவிட்ட செருப்பு எங்கே இருக்கிறது என்று தேடாமலே எழுந்தேன். மனைவி வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

"தம்பி, ஒரு சந்தேகம்" என்றேன், மாப்ள என்று கூப்பிடவில்லை. "அந்தக் கல்லுல கோடு போட்டிருக்குதே, அது யாரு போட்டது?"

"மாமா..."

"உளி எத்தினி நம்பரு? எந்தக் கையால புடிக்கணும், சொல்லுங்க பாப்பம்."

முன்வரிசையில் சிலர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். வயதானவர் ஏதோ தமாஷ் செய்கிறார் என்று நினைத்தார்கள். "வீட்ல பேசிக்கலாம் மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். முடிவில் அவருக்குச் சால்வை போட்டார்கள்.

வீட்டில் பேசினோம்.

"ஐடியா யாருக்கு வேணா வரும் மாமா" என்றார். "அத நாலு பேருக்குப் புரியற மாதிரி சொல்றதுதான் பெரிய வேல."

"நீங்க சொல்றதக் கேட்டு மீன் வயிறு ரொம்பாது மாப்ள. கல்லு எறக்கணும்."

"இந்தாங்க, சால்வய நீங்களே வச்சிக்குங்க. சந்தோஷமா?"

"இந்த வெயிலுக்கு எனக்குச் சால்வ எதுக்கு?"

மகள் நடுவில் வந்தாள். "அப்பா, எல்லாம் ஒரே குடும்பந்தான? யார் பேரச் சொன்னா இன்னா?"

இதற்காகத்தான் அந்த வார்த்தையை மறக்க வேண்டாம் என்றேன். "ஒரே குடும்பம்னா, மொதல்ல மீன் செத்தப்ப ஏன் என் பேரு மட்டும் வந்துச்சு? உங்கப்பா கொன்னுட்டாருன்னு சொன்னாரே, அப்ப நம்ம குடும்பம் கொன்னுடுச்சுன்னு ஏன் சொல்லல?"

மகள் சால்வையை எடுத்து மடித்து வைத்தாள். மாப்பிள்ளை பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே எழுந்தார். மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டார். மறுநாள் என் மனைவி அந்தச் சால்வையைக் கொண்டுபோய், கீற்று பிய்ந்திருந்த இடத்தில் கல் தொட்டிக்கு மேல் நிழலாகக் கட்டினாள். "இதுவாவது எதுனா வேல செய்யட்டும்" என்றாள்.

நான் கடைந்து கொடுத்த ஷாஃப்டில் எல்லாம் கம்பெனிக்காரன் தன் பெயரைக் குத்திக்கொண்டான். அது தொழில். அந்த ஒப்பந்தத்துக்கு நான் சம்மதித்துத்தான் லேத்தைப் போட்டேன், ஒருநாளும் கேட்டதில்லை. இந்த மீன் விஷயத்தில் என்னிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் பேசியதை யாரோ போனில் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். ஊர் ஊராகப் பார்க்கிறார்கள். என் கல்லைப் பார்த்து, என் மாப்பிள்ளைக்கு நன்றி எழுதுகிறார்கள்.

இன்று காலையில் ஒரு கோடு வெளியே வந்தது, இரண்டு கோடு உள்ளே இறங்கியது. கோபம் இருக்கிறது என்பதற்காக ஷிப்டை நிறுத்தமாட்டேன். மீன் என்ன பாவம் செய்தது? ஆனால் இனி மாடிக்குப் போன் ஏறாது. இன்னொரு படம் கிடையாது. கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது. நான் கேட்பது இதுதான். பெயர்கூட வேண்டாம். அடுத்த கூட்டத்தில், அதே ஹாலில், அதே ஆட்கள் முன்னால், திரையில் முதல் படம் வருவதற்கு முன்பே மாப்பிள்ளை எழுந்து நின்று சொல்ல வேண்டும்: முதல் மீன்களைச் சாகவிட்டது நான், தொட்டியைத் துடைத்துப் பட்டினி போட்டது நான், கல்லுக்கு ஷிப்ட் வைத்துப் பிழைக்க வைத்தது என் மாமனார். வெள்ளரிக்காய் நான் சொன்னது என்றும் சேர்த்துச் சொல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்வதையும் போனில் எடுத்து, பழைய வீடியோ போன இடத்திலேயே போடட்டும். நான் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.